கீழே இறங்க இறங்க வாங்கினால் காயின் விலை என்ன ஆகும்?

[திரையில்: கோத்தகிரி ஜான்ஸ்டன் சதுக்கம், காலை நேரம்]

வணக்கம். நம்ம கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலைக் காசில் கொஞ்சத்தை எடுத்து கிரிப்டோ காயினில் போட்டவர்கள் இருக்கிறார்கள். விலை இறங்கியதும் அவர்கள் பேச்சு ஒன்றுதான்: "விடுடா, இன்னும் கொஞ்சம் வாங்கி ஆவரேஜ் பண்ணிடலாம்." சரி, ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் இப்படி ஆவரேஜ் பண்ணினால் அந்த விலை என்ன ஆகும்? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

[திரையில்: கணக்கு]

முதலில் உங்கள் கணக்கு. 100 ரூபாய் விலையில் 100 காயின், மொத்தம் 10,000 ரூபாய். விலை 50-க்கு வந்துவிட்டது. இன்னும் 100 காயின் வாங்குகிறீர்கள். இப்போது சராசரி 75, ஆப்பில் 50 சதவீத நஷ்டம் என்று காட்டியது 33 சதவீதமாகக் குறைந்துவிடும், மனசுக்கும் கொஞ்சம் நிம்மதி. ஆனால் ரூபாயில் பாருங்கள்: வாங்குவதற்கு முன் நஷ்டம் 5,000, வாங்கிய பிறகும் அதே 5,000. விலை 25-க்குப் போனால் சும்மா இருந்தவருக்கு 7,500 போகும், உங்களுக்கு 10,000 போகும். 75-க்கு ஏறினால் நீங்கள் தப்பித்தீர்கள், அவர் இன்னும் 2,500 நஷ்டத்தில் நிற்பார். இரண்டு பக்கமும் உண்டு.

[திரையில்: ஆர்டர் புக்]

இனி சந்தை. யார் என்ன விலைக்கு வாங்கவும் விற்கவும் காத்திருக்கிறார்கள் என்ற பட்டியல்தான் ஆர்டர் புக். விலை இறங்கும்போது ஆவரேஜ் பண்ணுகிறவர்கள் கீழே வாங்கும் ஆர்டர்களைப் போட்டு வைக்கிறார்கள், பெரும்பாலும் 50, 40 என்று முழு எண்களில், அதனால் விற்க வருகிறவனுக்கு ஆள் கிடைக்கிறது, சரிவு மெதுவாகிறது, சார்ட்டில் விலை ஒரு இடத்தில் நின்ற மாதிரி தெரிகிறது. பார்ப்பவர் "சப்போர்ட் எடுத்துடுச்சு, இதுக்குக் கீழே போகாது" என்று தானும் வாங்குவார். ஆனால் இது புதுப் பணம் இல்லையே! ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களின் மிச்சக் காசு. அது தீர்ந்த அன்று கீழே வாங்க ஆளே இருக்காது, சின்ன விற்பனைகூட விலையைப் பல படி கீழே இழுத்துவிடும். கொஞ்சம் முன்பணம் (மார்ஜின்) மட்டும் கட்டி, மீதிக்குக் கடனில் ஃபியூச்சர்ஸ் என்ற ஒப்பந்தம் எடுத்து ஆவரேஜ் பண்ணினவர் கதை இன்னும் மோசம், மார்ஜின் தீர்ந்ததும் எக்ஸ்சேஞ்சே அவர் எடுத்து வைத்ததை விற்றுவிடும், அந்த விற்பனை இன்னொருவரின் மார்ஜினைக் காலி செய்யும்.

ஏறும்போதும் இதே ஆட்கள்தான் குறுக்கே நிற்பார்கள். விலை 60, 70 என்று வரும்போது "போட்ட காசு வந்தா போதும்டா சாமி" என்று அவரவர் சராசரிக்குப் பக்கத்தில் விற்க ஆரம்பிப்பார்கள். நிறைய பேர் ஆவரேஜ் பண்ணின காயின் எழுந்து எழுந்து உட்காருவது பல நேரம் இதனால்தான்.

[திரையில்: லூனா விலை, மே 2022]

லூனா என்ற காயினைப் பாருங்கள். 2022 மே முதல் வாரத்தில் ஒரு லூனா சுமார் 80 டாலர். அதோடு சேர்ந்த, எப்போதும் ஒரு டாலரிலேயே நிற்க வேண்டிய யுஎஸ்டி (UST) காயின் அப்படி நிற்காமல் சரிந்ததும், யுஎஸ்டி வைத்திருந்தவர்கள் அதைக் கொடுத்து ஒரு டாலர் மதிப்புக்கு லூனா வாங்கினார்கள். அந்த லூனா புதிதாக அச்சானது. சுமார் 35 கோடியாக இருந்த எண்ணிக்கை சில நாட்களில் 6.5 லட்சம் கோடியாகிவிட்டது. மேட்டுப்பாளையம் மண்டியில் வியாபாரிகள் உருளைக்கிழங்கை வாங்க வாங்க, பின்னாலேயே லாரி லாரியாக லோடு இறங்கினால் விலை நிற்குமா? 40 டாலரில், 10 டாலரில், 1 டாலரில் ஆவரேஜ் பண்ணினவர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் பைசாவுக்கும் கீழே போனார்கள்.

பிட்காயினில் நடந்தது வேறு. 2021 நவம்பரில் 69,000 டாலர் பக்கம் போனது, ஒரு வருடத்தில் 16,000-க்கும் கீழே, 2024 டிசம்பரில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. பொறுமையாக ஆவரேஜ் பண்ணினவர்கள் ஜெயித்தார்கள். ஆனால் அந்த விலையை ஏற்றியது அவர்கள் இல்லை, வெளியிலிருந்து வந்த புதுப் பணம். எண்ணிக்கையும் 2.1 கோடிக்கு மேல் போகாது என்பதால் வாங்குகிறவர் தலையில் புதுச் சரக்கு அப்படிக் கொட்டவில்லை.

எனக்குக் கோபம் வருவது சின்னக் காயின்களில்தான். பாதிச் சரக்கை ஆரம்பித்தவரே வைத்திருப்பார், சில லட்ச ரூபாய் வாங்கினாலே விலை ஆடும், "டிப்ல வாங்குங்க" என்று டெலிகிராமில் கத்துவார்கள். ஆரம்பித்தவர் விற்று வெளியேற ஆள் வேண்டுமே, அந்த ஆள் நீங்கள்தான். அதனால் வாங்குவதற்கு முன் இரண்டைப் பாருங்கள்: மொத்த எண்ணிக்கையில் இன்னும் எவ்வளவு சந்தைக்கு வர வேண்டியிருக்கிறது, பெரிய வாலெட்டுகளில், அதாவது காயின் வைக்கும் கணக்குகளில், எவ்வளவு கிடக்கிறது. காயின் கணக்குகளைக் காட்டும் எக்ஸ்ப்ளோரர் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு கிடையாது.

அப்புறம் வரி. 2022 ஏப்ரலிலிருந்து லாபத்துக்கு 30 சதவீதம், ஜூலையிலிருந்து விற்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்தம். ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த வருடத்துக்கும் கொண்டுபோக முடியாது. நாலு காயினை ஆவரேஜ் பண்ணி மூன்று மூழ்கி ஒன்று மட்டும் தேறினால், அந்த ஒன்றின் லாபத்துக்கு முழு 30 சதவீதமும் கட்டியாக வேண்டும்.