கொலாப் பண்ணலாம் மக்கா, ஆனால் யார் பேர் போடுவோம்?

மக்கா, எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்கு ஊர் சுற்றிக் காட்டுகிற வீடியோ இல்லை. உட்கார்ந்து பேசப்போகிறேன். நாகர்கோவிலில் காற்று கொஞ்சம் பலமாக இருக்கிறது, மைக்கில் சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

“அண்ணா, கொலாப் பண்ணலாமா?”, அதாவது சேர்ந்து வீடியோ செய்யலாமா என்று நிறைய பேர் மெசேஜ் அனுப்புகிறீர்கள். மார்த்தாண்டம், தக்கலை பக்கம் காலேஜ் படிக்கிற பிள்ளைகள்தான் அதில் அதிகம். பண்ணலாம், சந்தோஷமாகப் பண்ணலாம். ஆனால் கேமராவை எடுப்பதற்கு முன்னால் பேச வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது: யார் பேர் போடுவது, காசை எப்படிப் பிரிப்பது. அதை யாரும் பேசுவதில்லை, அதனால்தான் இந்த வீடியோ.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது ரொம்பப் பெரியது. முன்பெல்லாம் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒருவன் பாட்டு போட வேண்டும், குறும்படம் எடுக்க வேண்டும் என்றால் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும், இல்லையென்றால் திருவனந்தபுரத்தில் யாரையாவது பிடிக்க வேண்டும். இப்போது குலசேகரத்தில் ஒரு பையன் மெட்டுப் போடுகிறான், குளச்சலில் ஒருவன் தாளம் வாசித்து அனுப்புகிறான், குவைத்தில் வேலை பார்க்கிற அண்ணன் ஷிஃப்ட் முடிந்து வந்து ராத்திரி உட்கார்ந்து எடிட் பண்ணிக் கொடுக்கிறார். மூன்று பேரும் நேரில் பார்த்ததே கிடையாது. வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு இது வெறும் பொழுதுபோக்கு இல்லை மக்கா. ஊரோடு தொட்டுக்கொண்டிருக்க அவர்களுக்குக் கிடைத்த வழி.

இன்னொரு பலமும் உண்டு. 2020 ஜூன் 29-ஆம் தேதி டிக்டாக்கைத் தடை செய்தார்கள். ஒரே ராத்திரியில் எத்தனையோ பேருடைய உழைப்பு போயிற்று. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. தனியாக வேலை செய்த பலர் அத்தோடு நிறுத்திவிட்டார்கள். கூட நாலு பேர் இருந்தவர்களை அந்த நாலு பேர் கையைப் பிடித்துப் புது இடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நான் கண்ணால் பார்த்தது இது.

சரி, இப்போது தோவாளைக் கதைக்கு வருகிறேன்.

நாகர்கோவில் பக்கத்தில் இருக்கிற தோவாளையில் ஒரு அக்கா மாணிக்கமாலை கட்டுவதை எடுக்கப் போனோம். 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த மாலைதான். அரளிப் பூவையும் நொச்சி இலையையும் மடித்து மடித்து நாரில் நெருக்கமாக வைத்துக் கட்டுவார்கள். தட்டையாக, கல் பதித்த நகை மாதிரி வரும். நான் மேலே இருந்து கேமராவைப் பிடித்தேன். அக்கா நிமிர்ந்து பார்த்துவிட்டு, “மேல நின்னு எடுத்தா மடிப்பு தெரியாது மக்ளே, சைடுல வா” என்றார். சைடில் வந்த பிறகுதான் அந்தக் கட்டை விரல் செய்கிற வேலை தெரிந்தது. பூவை மடிக்கிறது, நாரை அழுத்துகிறது, அடுத்த பூ வருகிறவரை விடாமல் பிடித்திருக்கிறது, எல்லாம் அந்த ஒரே விரல். அந்த வீடியோவுக்கு டைரக்டர் அக்காதான். கூடிச் செய்வது என்று நான் சொல்வது இதைத்தான். ஒருவர் கலை, இன்னொருவர் கேமரா என்று பிரித்துவிட்டால் இந்த ஷாட் கிடைத்திருக்காது.

அப்புறம் நடந்ததையும் கேளுங்கள். நிறைய ஃபாலோயர்ஸ் உள்ள ஒரு பேஜ் அதிலிருந்து அக்காவின் கையை மட்டும் வெட்டி எடுத்து, சினிமாப் பாட்டு ஒன்றைப் போட்டு, ரீலாக விட்டுவிட்டது. ஊர் பேர் இல்லை, அக்கா பேர் இல்லை. கமெண்டில் ஒருவர் “இது எந்த ஊர் மாலை?” என்று கேட்கிறார். இன்னொருவர் “மதுரை” என்று பதில் போடுகிறார். அதற்கு நூற்றுக்கணக்கில் லைக். தோவாளைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய மாலை மக்கா! அந்தக் கமெண்டைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வில்லுப்பாட்டிலும் இதே கதைதான். அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்குப் போனால் எல்லா போனும் நடுவில் வில்லைத் தட்டுகிற வீசுகோலைப் பிடித்துப் பாடுகிற அண்ணாவியை, அதாவது தலைமைப் பாடகரைப் பார்த்துத்தான் இருக்கும். உடுக்கை அடிக்கிறவர், குடம் அடிக்கிறவர், பின்பாட்டுப் பாடுகிறவர்கள் எல்லாரும் ஃபிரேமுக்கு வெளியே. குடம் நின்றால் பாட்டே நின்றுவிடும், ஆனால் குடம் அடிக்கிறவர் பேர் எந்த வீடியோவிலும் கிடையாது.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தில் 2012-இல் ஒரு திருத்தம் கொண்டு வந்தார்கள். அதன்படி, நிகழ்ச்சி நடத்துகிற கலைஞருக்குத் தன் பேரைச் சொல்லச் சொல்லிக் கேட்கிற உரிமை உண்டு. பயன்படுத்துகிற முறையில் பேர் சொல்ல இடமே இல்லை என்றால்தான் விலக்கு. யார் யாரெல்லாம் கலைஞர் என்று சட்டம் சொல்கிற வரிசையில் பாடகர், ஆட்டக்காரர் மட்டுமில்லை, பாம்பாட்டி கூட இருக்கிறார். பாம்பாட்டிக்கு இருக்கிற உரிமை குடம் அடிக்கிற பாட்டாவுக்கு (நம் ஊரில் தாத்தாவைப் பாட்டா என்போம்) இல்லாமல் போகுமா? டிஸ்கிரிப்ஷனில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுத இடம் கிடக்கிறது. பேர் போடாததற்குக் காரணமே சொல்ல முடியாது.

கொடை வீடியோ போடுகிறவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. மைக் செட்டில் சினிமாப் பாட்டு ஓடும்போது ரெக்கார்டு பண்ணாதீர்கள். யார் பாட்டு என்று தானே கண்டுபிடிக்கிற யூடியூப்பின் கன்டென்ட் ஐடி அதைப் பிடித்துவிடும். அதனால் சானலுக்கு ஸ்டிரைக், அதாவது தண்டனை எச்சரிக்கை வராது, ஆனால் விளம்பரக் காசு பாட்டுக் கம்பெனிக்குப் போய்விடலாம். பாட்டா விடிய விடியக் குடம் அடித்த வீடியோவின் காசு, பக்கத்தில் ஓடிய பாட்டுக்கு!

அடுத்தது காசும் பாஸ்வேர்டும். நண்பர்கள் சேர்ந்து ஆரம்பிக்கிற சானல் எல்லாம் இங்கேதான் உடைகிறது. ஜிமெயில் ஒருவன் பேரில், போன் நம்பர் அவன் தம்பியுடையது, காசு வருகிற ஆட்சென்ஸ் அவன் அப்பா அக்கவுண்ட்டில். விளம்பரக் காசுக்குத் தேவையான ஆயிரம் சப்ஸ்கிரைபரும், 12 மாதத்தில் ஆட்கள் பார்த்த 4,000 மணி நேரமும் வருகிறவரை யாரும் கவலைப்படுவதில்லை. முதல் காசு வந்ததும் முகம் மாறுகிறது. நீள வீடியோவின் விளம்பர வருமானத்தில் யூடியூப் 55 சதவீதம் சானலுக்குத் தருகிறது, ஆனால் அந்த 55-ஐ உங்களுக்குள் எப்படிப் பிரிப்பது என்று அது சொல்லித் தராது. அதனால் பாஸ்வேர்டைக் கைமாற்றாதீர்கள். யூடியூப் ஸ்டுடியோவில் பெர்மிஷன்ஸ் என்று இருக்கிறது, அங்கே ஒருவரை மேனேஜராக, இன்னொருவரை எடிட்டராகச் சேர்க்கலாம். யாருக்கு எவ்வளவு என்பதை ஒரு வாட்ஸ்அப் மெசேஜாகவாவது எழுதி, எல்லாரும் சரி என்று போட்டு வையுங்கள்.

இன்ஸ்டாகிராமில் 2021 அக்டோபரில் வந்த கொலாப் வசதி எனக்குப் பிடிக்கும். ஒரே போஸ்ட் இரண்டு பேர் பக்கத்திலும் வரும், லைக்கும் கமெண்டும் பொதுவாக இருக்கும். ஆனால் முதலில் போட்டவர் டெலீட் பண்ணினால் இரண்டு பக்கத்திலும் போய்விடும். அதனால் யார் போடுவது என்பதை யோசித்து முடிவெடுங்கள். நான் என்றால், கலை யாருடையதோ அவரே போடட்டும், என்னை அழைக்கட்டும் என்பேன்.

கமெண்டு பொதுவாக இருப்பதில் ஒரு கெடுதலும் இருக்கிறது. மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) மீன் கறியும் சமைத்துப் போடுகிற ஒரு தங்கச்சி. அவளுடைய பக்கத்தில் எல்லாரும் அக்கா தங்கை மாதிரி பேசுவார்கள். பெரிய பக்கம் ஒன்றோடு கொலாப் செய்தாள். அந்தப் பக்கத்து ஆட்கள் வந்து அவளுடைய உடம்பைப் பற்றி எழுதினார்கள். மீன் கறியைப் பற்றி ஒருவர் கூடக் கேட்கவில்லை. கொலாப் என்றால் அவர்களுடைய கூட்டமும் நம் வீட்டுக்குள் வருகிறது. பெண் பிள்ளைகளோடு கொலாப் செய்கிற தம்பிமார்களே, உங்கள் ஆட்களைக் கண்டிக்க வேண்டியது நீங்கள். அவள் பிளாக் பண்ணிக்கொள்ளட்டும் என்று விடாதீர்கள். வீடியோ போட்ட அன்றைக்கு நீங்களே உட்கார்ந்து கமெண்டைப் பாருங்கள்.

ஒரே மாதிரி ரீல் வருகிறதே என்று கேட்பீர்கள். ஆமாம், 2024 டிசம்பர் 30-இல் கன்னியாகுமரிக் கடலில் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு அந்த 77 மீட்டருக்குள் எல்லாரும் ஒரே பாட்டுக்கு ஒரே நடை நடந்தார்கள். அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை, பிடித்ததைப் பார்த்துச் செய்துதான் எல்லாரும் கற்றுக்கொள்கிறோம். பேரை அழிப்பதுதான் வலிக்கிறது.

அடுத்த கொடைக்கு ஒரு குடம் அடிக்கிற பாட்டாவோடு சேர்ந்து வீடியோ எடுக்கிறேன், பேசி முடித்தாயிற்று. காசில் அவருக்குப் பாதி என்றேன், சரி என்றார். அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: குடத்துக்குத் தனி மைக் வேண்டும். நல்ல மைக் வைத்திருக்கிறவர்கள், தாள வாத்தியம் ரெக்கார்டு பண்ணிப் பழகியவர்கள் நம் மாவட்டத்தில் இருந்தால் கமெண்டில் உங்கள் ஊர் பேரைப் போடுங்கள், நானே கூப்பிடுகிறேன்.