படிப்பு என்ன பாவம் செய்தது?

நடுவர் அவர்களே! மேரி ஷெல்லி தன் 'பிராங்கன்ஸ்டைன்' நாவலில் படைத்த விக்டர் பிராங்கன்ஸ்டைன், பிண உறுப்புகளைச் சேர்த்து உயிர் உண்டாக்கிச் சீரழிந்தவன். அவனைக் கெடுத்தது படித்த படிப்பா, பிடித்த வெறியா என்று கேட்டிருக்கிறீர்கள். வெறிதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் உருக்கமாகப் பேசினார். 13 வயதில் விக்டர் கையில் கொர்னேலியஸ் அக்ரிப்பாவின் பழைய மாந்திரீக நூல் கிடைத்ததாம். தந்தை முதல் பக்கத்தைப் பார்த்து "குப்பை" என்று ஒதுக்கினாராம். ஏன் குப்பை என்று விளக்கியிருந்தால் பையன் பிழைத்திருப்பானாம். ஐயா, இதைச் சொன்னது யார்? விக்டரேதான்! எல்லாம் நாசமான பிறகு, வடதுருவக் கடலில் ஒரு கப்பலில் படுத்துக்கொண்டு சொல்கிறான். கூண்டில் நிற்பவனின் வாக்குமூலத்தையே தீர்ப்பாக எழுதி எடுத்து வந்துவிட்டீர்களே!

விளக்கம் கிடைக்காமலும் இல்லை. 15 வயதில் வீட்டருகே ஓக் மரம் இடி விழுந்து சிதறியபோது மின்சாரத்தைப் பற்றிப் பாடமே நடந்தது. 1818 பதிப்பில் சொல்லிக் கொடுத்தவர் தந்தை. 1831 பதிப்பில் அங்கிருந்த ஓர் அறிஞர். எந்தப் பதிப்பைப் புரட்டினாலும் அன்றோடு அக்ரிப்பாவை அவன் மூட்டை கட்டிவிட்டான்.

17 வயதில் இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகம். பேராசிரியர் கிரெம்பே, இத்தனை ஆண்டுகளை வீணடித்தாயே என்று முகத்துக்கு நேரே சொல்லி, படிக்க வேண்டிய நூல்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்தார். வேதியியல் பேராசிரியர் வால்ட்மனின் உரை அவனை மயக்கியது உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். அதே உரையைக் கேட்ட மற்ற மாணவர்கள் எவரும் கல்லறைக்குள் இறங்கியதாகக் கதையில் இல்லையே! வேதியியலை மட்டும் கட்டிக்கொண்டு அழாதே, கணிதமும் படி என்று வால்ட்மன் சொன்னதைத்தான் இவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இனி அவன் பட்டறைக்கு வாருங்கள். பிரேதங்களை அறுக்கும் கூடத்திலிருந்தும் கசாப்புக் கூடத்திலிருந்தும் பொருள்கள் வருகின்றன. மனித உறுப்புகளின் நுணுக்கம் வேலையைத் தாமதப்படுத்துகிறது. படிப்பை மதிப்பவன் பொறுத்திருந்து செய்வான். இவனோ ஒவ்வோர் உறுப்பையும் பெரிதாக்கி, எட்டு அடி உயரத்துக்கு உடலைத் திட்டமிட்டான். ஊசியில் நூல் கோக்கப் பொறுமையில்லாதவன் கடப்பாரையால் தைக்கப் புறப்பட்டது போல! அந்தக் கோடையில் வயல் விளைந்ததும் திராட்சை பழுத்ததும் அவன் கண்ணில் படவில்லை. வீட்டுக்குக் கடிதம் இல்லை. இதெல்லாம் எந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது?

நவம்பர் இரவில் அந்த உருவம் மஞ்சள் கண்ணைத் திறந்தது. அதைப் படைத்த தகப்பன் விக்டர் என்ன செய்தான்? படுக்கையறைக்கு ஓடினான். போய்த் தூங்கியும் விட்டான், நடுவர் அவர்களே!

கைவிடப்பட்ட அந்த உருவமும் படித்தது. ஒரு குடிசையை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்திருந்து, வேறொருத்திக்கு நடந்த பாடத்தைக் கேட்டே மொழி கற்றது. புளூட்டார்க், மில்டன், கோதே என்று பெரிய எழுத்தாளர்களை வாசித்தது. பின்னால் அது கொலை செய்தது படித்ததால் அல்ல. கண்டவரெல்லாம் அடித்து விரட்டியதால். முதல் கொலைக்கான பழி ஜஸ்டின் என்ற பணிப்பெண் மீது விழுந்து அவள் தூக்கு மேடை ஏறியபோது, உண்மையை ஊகித்திருந்த விக்டர் தன் படைப்பைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தைக் கற்றுக்கொடுத்தது எந்த ஆசிரியர்?

கடைசியாக அந்தக் கப்பலுக்கே வருகிறேன். பனி சூழ்ந்துவிட்டது. வழி பிறந்தால் ஊர் திரும்புவோம் என்கிறார்கள் மாலுமிகள். சாகக் கிடக்கும் விக்டர் எழுந்து, ஆண்மையில்லையா, முன்னே போங்கள் என்று முழங்குகிறான். மரணத் தறுவாயில் கப்பல் தலைவன் வால்டனுக்கு, பேராசை வேண்டாம் என்று புத்தி சொல்கிறான். சொன்ன வாய் மூடுவதற்குள், நான் தோற்றேன், வேறொருவன் வெல்லக்கூடும் என்கிறான்! அங்கே அக்ரிப்பாவும் இல்லை, வால்ட்மனும் இல்லை. அவனைப் பேசவைத்தது எது? எதிரணியின் அடுத்த பேச்சாளர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். அமர்கிறேன்.