வயது கூடும் ஊர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

மக்கள்தொகை என்றாலே பலருக்கும் சுவரில் எழுதிய சிவப்பு முக்கோணமும் ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ வாசகமும்தான் நினைவுக்கு வரும். தமிழ்நாடு அந்தக் கட்டத்தை எப்போதோ தாண்டிவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். தலைமுறை குறையாமல் இருக்க 2.1 வேண்டும். ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் ஏறக்குறையப் பாதிப் பேர் 15 வயதுக்குக் கீழே. அங்கே பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போதவில்லை. நம் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் போதவில்லை.

கல்லூரியில் இந்தப் பாடத்தை நடத்தும்போது, எத்தனை பேர் என்பதைவிட எவ்வளவு வேகமாக மாறினார்கள் என்று பாருங்கள் என்பேன். 65 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 7 பேர் என்பது 14 பேராக, பிரான்சில் நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. ஜப்பானில் 1970 முதல் 1994க்குள் ஆகிவிட்டது. தென்கொரியாவில் இன்னும் வேகம். பிரான்சுக்குக் கிடைத்த அவகாசம் நமக்கு இல்லை. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள்.

உசிலம்பட்டி, மேலூர் பக்கம் ரேஷன் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் இது கண்ணில் படும். களை எடுத்து, பாத்திரம் தேய்த்து விரல் தேய்ந்துபோன பாட்டிக்கு மெஷினில் ரேகை விழாது. கட்டைவிரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைப்பார். கூட வர ஆள் இல்லை. மகன் சென்னையில், மகளும் மருமகளும் திருப்பூர் பனியன் கம்பெனியில். ‘மருமகள் பார்த்துக்கொள்வாள்’ என்ற பேச்சு இனி செல்லாது. அவள் சம்பளத்தில்தானே வீடே ஓடுகிறது?

ஜப்பானிலும் மருமகள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்கள் வேலைக்குப் போன பிறகு, அது ஒருத்தியின் தலையில் மட்டும் விழக்கூடாது என்று அங்கே கேள்வி எழுந்தது. 2000ஆம் ஆண்டில் முதியோர் பராமரிப்புக் காப்பீடு வந்தது. 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் எல்லோரும் சந்தா கட்ட வேண்டும். செலவில் பாதி அந்தச் சந்தா, பாதி வரிப்பணம். குளிப்பாட்டவும் சோறு ஊட்டவும் வீட்டுக்கே ஆள் வருகிறார். செலவில் ஒரு சிறு பங்கைத்தான் பயனாளி தர வேண்டும்.

அதை அப்படியே இங்கே நட்டுவிட முடியாது. மாதச் சம்பளம் இல்லாத கூலிக்காரர் சந்தாவுக்கு எங்கே போவார்? ஆனால் நம்மிடமும் ஒன்று இருக்கிறது. முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கும் சத்துணவு மையத்தில் மதியச் சாப்பாடு என்று 1980களிலேயே ஏற்பாடு செய்த மாநிலம் இது. அடுப்பும் பாத்திரமும் சமையல்காரரும் ஊர்தோறும் உண்டு. நடக்க முடியாதவர் வீட்டுக்குத் தூக்குவாளி எடுத்துப்போக, சம்பளத்தோடு ஓர் ஆள் வேண்டும். அடுத்த கிராமசபையில் உங்கள் ஊருக்கு அதைக் கேளுங்கள்.

வணக்கம்.