புழக்கத்தில் இருக்கும் பழமை: வெரோனா

அன்பார்ந்த நண்பர்களே, பெரியோர்களே,

இத்தாலி என்றதும் ரோம், வெனிஸ், புளோரன்ஸ் என்று வரிசையாகச் சொல்லிவிடுவோம். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட ஊர் வெரோனா. மிலனுக்கும் வெனிசுக்கும் நடுவே, ஆடிஜே ஆறு ஊரையே வளைத்துக்கொண்டு ஓடும் இடம். ரயிலில் போகிறவர்கள் பலர் இறங்காமலே கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. ஈராயிரம் ஆண்டுப் பழமையைப் பூட்டி வைக்காமல், தினமும் புழங்கியே காப்பாற்றி வரும் ஊர் அது.

அரீனாவிலிருந்து தொடங்குகிறேன். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர் கட்டிய நீள்வட்ட அரங்கம். கிளாடியேட்டர்கள் மோதிய இடம். கல், பக்கத்து வால்பொலிசெல்லா மலைகளில் வெட்டியது. 1117இல் வந்த பெரும் நிலநடுக்கத்துக்குப் பின் வெளிச்சுற்றில் மிஞ்சியது நான்கு வளைவுகள் மட்டும். இடிந்த கற்களை ஊரார் வேறு கட்டடங்களுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். ஆனால் உள்சுற்றும் படிகளும் நின்றன. அதுவே போதுமானதாக இருந்தது.

1913, இசை மேதை வெர்டி பிறந்த நூறாவது ஆண்டு. வெரோனாவிலேயே பிறந்த ஜொவான்னி ஜெனதெல்லோ அப்போது ஓபரா என்னும் இசை நாடகத்தில் பெயர்பெற்ற பாடகர். ஆளில்லாத அரங்கின் நடுவே நின்று அவர் குரல் எழுப்பிப் பார்த்தாராம். மேல்படி வரைக்கும் தெளிவாகக் கேட்டதாம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் தேதி வெர்டியின் 'ஐடா' அங்கே அரங்கேறியது. உலகப்போர்கள் போன்ற இடைவெளிகள் போக, அன்றிலிருந்து கோடைதோறும் அங்கே ஓபரா உண்டு. புகழ்பெற்ற ஓபரா பாடகி மரியா கல்லாஸ் இத்தாலிய மேடையில் முதன்முதலில் பாடியதும் இங்கேதான், 1947இல்.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மேடைக்கு எதிரே போட்டிருக்கும் நாற்காலிகளுக்கு விலை அதிகம். அதை விடுங்கள். மேலே, கற்படிகளில் இடம் வாங்குங்கள். பகலெல்லாம் வெயில் குடித்த கல், இரவு ஒன்பது மணிக்கும் சூடு விட்டுக்கொண்டிருக்கும். உட்காரத் திண்டு வாடகைக்குக் கிடைக்கும். இருட்டத் தொடங்கியதும், நாடகம் ஆரம்பிக்கும் முன், படிகளில் இருப்பவர்கள் சின்னச் சின்ன மெழுகுவர்த்திகளை ஏற்றுவது அங்கே பழைய வழக்கம். மின்விளக்கு வராத காலத்தில் பாட்டுப் புத்தகத்தை அந்த வெளிச்சத்தில் படித்தார்கள் என்பார்கள். இத்தாலிய மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். ரோமானியக் குடிமகன் உட்கார்ந்த இடத்தில் நாமும் முட்டி இடிக்க உட்கார்ந்து ஒரு குரலைக் கேட்கிறோம். எந்த அருங்காட்சியகமும் தராத நெருக்கம் அது.

அரங்கை விட்டு வெளியே வந்தால் தரையைப் பாருங்கள். வெரோனாவின் சிவப்புக் கல் உண்மையில் சுண்ணாம்புக்கல். நடைபாதைப் பலகைக் கற்களில் சங்குபோல் சுருண்ட வடிவங்கள் தெரியும். டைனோசர் காலத்துக் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்ற உயிரினத்தின் புதைபடிவங்கள். ஊர் மக்கள் அதன்மேல் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகிறார்கள்.

பழைய ரோமானிய நகரத்தின் நேர்கோட்டுத் தெருக்கள் இன்றைக்கும் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. போர்ஸாரி வாயிலுக்குள் நுழைந்து நேரே நடந்தால் எர்பே சதுக்கம். அன்றைய ரோமானியச் சந்தைவெளி, இன்றும் சந்தை. நடுவில் 1368இல் வைத்த நீரூற்று. அதன்மேல் நிற்கும் பெண் சிலையோ அதைவிடப் பல நூற்றாண்டு மூத்த ரோமானியச் சிலை. தேவையானதை எடுத்துப் பொருத்திக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள்.

ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தால் பெயர்பெற்ற ஜூலியட் வீட்டைப் பற்றிக் கேட்பீர்கள். அந்தப் புகழ்பெற்ற மாடம் 1930களில் பழங்கற்களைக் கொண்டு அமைத்தது. காதலர்கள் தாராளமாகப் போகட்டும். ஆனால் பாதி நாளை அந்த வரிசையில் கழித்துவிடாதீர்கள். கொஞ்ச தூரம் நடந்தால் பியெத்ரா பாலம் வந்துவிடும்.

அந்தப் பாலத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்லத் தோன்றுகிறது. ஐந்து வளைவுகள். இடக்கரைப் பக்கம் இரண்டு வளைவுகள் ரோமானியர் காலத்தவை, வெள்ளைக் கல். மற்றவை பிற்காலத்தில் கட்டியவை, அவற்றில் செங்கல். வெள்ளங்களைத் தாங்கித் தாங்கி, உடைந்த இடத்தை அந்தந்தக் காலம் தன் கைக்குக் கிடைத்ததை வைத்துக் கட்டியிருக்கிறது. 1945 ஏப்ரலில், போர் முடியும் தறுவாயில், பின்வாங்கிய ஜெர்மன் படை இதை வெடிவைத்துத் தகர்த்தது. பாலம் ஆற்றுக்குள் விழுந்தது.

புதுப் பாலம் கட்டுவது சுலபம். வெரோனா அப்படிச் செய்யவில்லை. ஆற்றடியிலிருந்து பழைய கற்களை வெளியே எடுத்தார்கள். பழைய புகைப்படங்களைப் பார்த்துப் பார்த்து எந்தக் கல் எந்த இடம் என்று கண்டுபிடித்தார்கள். 1957இல் தொடங்கி 1959இல் பாலம் மறுபடி எழுந்தது. பணியை நடத்தியவர் பியெரோ கஸ்ஸோலா. நினைவுச் சின்னங்களைப் பாதுகாக்க உலகுக்கே வழிகாட்டும் 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தை உருவாக்கியவர்களில் அவர் முக்கியமானவர். ஆற்றில் இறங்கிக் கல் பொறுக்கிய அனுபவம் அவருக்குப் பின்னால் இருந்தது என்பதை நினைத்தால் அந்தச் சாசனத்தின் மேல் மரியாதை கூடுகிறது.

பாலம் தகர்ந்த அதே 1945ஆம் ஆண்டு ஜனவரியில் இன்னொரு அடி விழுந்திருந்தது. பேராலயத்தை ஒட்டிய கப்பித்தொலாரே நூலகத்தின் கட்டடம் குண்டுவீச்சில் நொறுங்கியது. நல்லவேளை, அரிய சுவடிகளை முன்பே வேறிடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அவற்றில் ஒன்று, உர்சிசீனோ என்ற எழுத்தர் 517ஆம் ஆண்டில் படியெடுத்து முடித்ததாகத் தன் பெயரும் தேதியும் குறித்தது. இன்னொன்று, பழைய எழுத்தை அழித்துவிட்டு அதே ஏட்டில் மறுபடி எழுதியது: மேலே புனித ஜெரோமின் கடிதங்கள், அடியில் அழிபட்ட பழைய எழுத்து. 1816இல் நீபூர் என்ற ஜெர்மன் அறிஞர் அந்த அடி எழுத்தைக் கவனித்தார். ரோமானியச் சட்ட அறிஞர் காயுஸ் எழுதி, உலகம் தொலைத்துவிட்ட பாடநூல் அது! ரோமானியச் சட்டம் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் முக்கியமான ஒரு பங்கு அந்த ஒரு சுவடியால் வந்தது.

காலையில் பாலம், நடுவெயிலில் நூலகம், இரவில் அரீனா. ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் இந்த மூன்றையும் பாருங்கள். ஓபரா ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். கிளம்பும் முன்பே சீட்டு வாங்கிவிடுங்கள். இனி நீங்கள் கேளுங்கள், சொல்கிறேன்.