நம்மை நாமே மன்னிச்சா சோம்பேறி ஆயிடுவோமா? – ஒரு புத்தாண்டு சந்தேகம்

ஒரு தங்கை கேட்டிருக்காங்க: "வருஷா வருஷம் நடைப்பயிற்சி போறதாத் தீர்மானம் எடுக்கிறேன், ஜனவரி முடியறதுக்குள்ள விட்டுடறேன். நீங்க என்னடான்னா உங்ககிட்ட நீங்களே கனிவா இருங்கன்னு சொல்றீங்க. அப்படி இருந்தா இன்னும் சோம்பேறி ஆயிட மாட்டேனா? இப்பவே ஜனவரி பாதி ஓடிடுச்சு, இனிமே ஆரம்பிச்சுப் பிரயோஜனம் உண்டா?"

இந்தக் கேள்வி மனசை விட்டுப் போகவே இல்ல. எத்தனை பேர் வெளிய சொல்லாம வெச்சிருக்கிற சந்தேகம் இது!

சோம்பேறி ஆக மாட்டீங்கம்மா. கனடாவுல கார்ல்டன் பல்கலைக்கழகத்துல முதலாண்டு மாணவர்களை வெச்சு ஓர் ஆய்வு, 2010-ல வந்தது. முதல் பரீட்சைக்குப் படிக்காம நாளைக் கடத்தினவங்கள்ல, 'சரி, போகட்டும்'னு தன்னை மன்னிச்சவங்க அடுத்த பரீட்சைக்கு அந்த அளவுக்குத் தள்ளிப்போடல. ஏன்னா, ஒரு வேலையை நினைச்சாலே திட்டுதான் ஞாபகம் வருதுன்னா, அந்த வேலை பக்கமே போகத் தோணாது. மறுபடியும் சொல்றேன், திட்டு வேலையை நகர்த்தாது, வேலையை விட்டு நம்மைத்தான் நகர்த்தும்.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் நடைக்குன்னே ஒரு நோட்டு போட்டிருந்தார். தினம் ஒரு பச்சை டிக். ஜனவரி நடுவுல ஒரு நாள் சிவப்புல பெருக்கல் குறி. பேனாவை அழுத்தின அழுத்துல அடுத்த பக்கத்துல தடம் விழுந்திருக்கு. அதுக்கப்புறம் நோட்டு பூரா வெறும் கட்டம். அன்னிக்கு என்ன ஆச்சுன்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, அம்மாவுக்குக் காய்ச்சல், ராத்திரி பூரா தூங்கலன்னார். அது நோட்டுல எங்கயுமே இல்ல! தீர்ப்பு இருக்கு, நடந்தது இல்ல.

அதனாலதான் அந்தத் தங்கை வேற ஒண்ணு கேட்டிருக்கலாமேன்னு எனக்கு ஆசை: போன வருஷத்தை எப்படித் திரும்பிப் பார்க்கிறது? நம்மகிட்ட நாமே கனிவா இருக்கிறதைத் 'தன்கனிவு'ன்னு சொல்றோம். அதை ஆராய்ஞ்ச உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் பத்தி முன்னாடியே பேசியிருக்கோம். 2003-ல அவங்க இந்தத் தன்கனிவுக்கு மூணு அம்சம் சொன்னாங்க. நம்மகிட்ட அன்பா இருக்கிறது, தடுமாற்றம் எல்லாருக்கும் உண்டுன்னு உணர்றது, நடந்ததை நடந்தபடி பார்க்கிறது. மூணாவதை நான் விடாமப் பிடிச்சுத் தொங்கறேன்னு பழைய நேயர்களுக்குத் தெரியும். அது இல்லாம மத்த ரெண்டும் வெறும் ஆறுதல் வார்த்தையாப் போயிடும்.

ஒரு தாள் எடுத்துக்குங்க. போன்ல இருக்கிற போட்டோவை மாசவாரியாப் பார்த்துக்கிட்டே, மாசத்துக்கு ரெண்டு வரி எழுதுங்க. "மார்ச் வீணாப் போச்சு"ன்னு எழுதிட்டீங்களா, அடிச்சிடுங்க. அது தீர்ப்பு. "மார்ச்ல வேலை மாறினேன், தூக்கம் கெட்டது" – இதுதான் நடந்தது. எழுதும்போது நெஞ்சு இறுகினா பேனாவை வெச்சுட்டு, மூச்சு உள்ள வர்றதையும் வெளிய போறதையும் மட்டும் கொஞ்ச நேரம் கவனிங்க. பெரிய இழப்பு நேர்ந்த வருஷமா இருந்தா தனியா உட்கார்ந்து கிளற வேண்டாம். நம்பிக்கையான ஒருத்தரோ மனநல ஆலோசகரோ கூட இருக்கட்டும்.

அப்புறம், ஜனவரி பாதி போனது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல ஃபிலிப்பா லாலி குழு பழக்கம் எப்படிப் படியுதுன்னு பார்த்தாங்க, அதுவும் 2010-ல வெளியானதுதான். ஒரு பழக்கம் படிய ஆளுக்கு ஆள் 18 நாள்லேருந்து 254 நாள் வரைக்கும் வித்தியாசம். நடுவுல ஒரு நாள் விட்டுப்போனதால பெருசா எதுவும் கெடல. அதனால தேதியைப் பார்க்காதீங்க. முதல்ல அந்தப் பன்னெண்டு மாசத்தையும் எழுதுங்க. எந்த மாசத்துல நடை நின்னுச்சு, அப்ப வீட்டுல என்ன நடந்துச்சுன்னு பார்த்துட்டு, எந்த நேரம் உங்களுக்கு ஒத்துவரும்னு முடிவு பண்ணுங்க. காலையா சாயங்காலமான்னு எனக்கும் எழுதி அனுப்புங்கம்மா.