தழும்பே இல்லாமல் பித்தப்பையை எடுக்க முடியுமா?

நேயர்களுக்கு வணக்கம். பித்தப்பையில் கல், ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றதும் நோயாளிகள் பலரும் கேட்பது, "தழும்பு தெரியுமா டாக்டர்?"

வெளியே ஒரு தழும்பும் தெரியாமல் எடுக்க முடியும் என்று 2007 ஏப்ரல் 2-ம் தேதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் செய்து காட்டினார்கள். பேராசிரியர் ழாக் மரெஸ்கோவின் குழு, 30 வயதுப் பெண் ஒருவரின் பித்தப்பையைப் பிறப்புறுப்பு வழியாகவே எடுத்தது. யோனியின் பின்சுவரில் சின்னத் திறப்பு. அதன் வழியே எண்டோஸ்கோப், அதாவது நுனியில் கேமரா உள்ள வளையக்கூடிய குழாய், வயிற்றுக்குள் போய், கல்லீரலின் அடியில் ஒட்டியிருக்கும் பித்தப்பையை எட்டியது. பையின் குழாயையும் ரத்தக்குழாயையும் அடைத்துவிட்டு, பையைப் பிரித்து, போன வழியாகவே வெளியே கொண்டுவந்தார்கள். வயிற்றில் போட்டது 2 மில்லிமீட்டர் ஊசித்துளை மட்டும். உள்ளே நிரப்பிய கார்பன் டை ஆக்சைடின் அழுத்தத்தைக் கவனிக்க அது தேவைப்பட்டது.

இதற்கு முன்பே ஹைதராபாத்தில் டாக்டர் ஜி.வி. ராவ், டாக்டர் நாகேஷ்வர் ரெட்டி இருவரும், வாய் வழியாக எண்டோஸ்கோப்பை இறக்கி, இரைப்பைச் சுவரைத் துளைத்துக் குடல்வாலை எடுத்திருந்தார்கள். தீக்காயத்தால் வயிற்றுத் தோல் கெட்டுப்போன நோயாளிக்கு அப்படிச் செய்ததில் நியாயம் இருந்தது. அங்கே பிரச்சினை அழகல்ல, கத்தி வைக்க நல்ல தோல் இல்லாதது.

சரி, இத்தனை ஆண்டுகளில் இது ஏன் எல்லா ஊருக்கும் வரவில்லை? இரைப்பை வழியாகப் போனால் அந்தத் துளையைக் கசிவில்லாமல் மூடியாக வேண்டும். பிறப்புறுப்பு வழி பெண்களுக்கு மட்டும்தான். இதைவிடப் பெரிய சங்கடம், பித்தப்பையை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு இன்னொரு பக்கம் பிரிக்க வேண்டும் என்பது. வளையும் குழாயின் நுனியில் இருந்து இதைச் செய்வது, ரப்பர் குழாயின் முனையில் இடுக்கியைக் கட்டி ஊசியில் நூல் கோப்பதைப் போலத்தான். பித்தப்பைக் குழாய் என்று நினைத்து, கல்லீரலில் இருந்து குடலுக்குப் பித்தம் போகும் பொதுப் பித்தநாளத்தை வெட்டிவிட்டால், நோயாளி படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. எது எந்தக் குழாய் என்று தெளிவாகத் தெரிந்த பிறகே கிளிப் போட வேண்டும். வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கேமராவையும் கருவிகளையும் விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் அந்தத் தெளிவு எளிதாகக் கிடைக்கிறது. அதற்குப் போடும் துளைகளோ 5 முதல் 10 மில்லிமீட்டர். தொப்புளில் போடுவது மடிப்புக்குள் மறைந்துவிடும். என்னைக் கேட்டால், அந்தச் சில சிறு தழும்புகளைத் தவிர்ப்பதற்காக இவ்வளவு சுற்றிப் போக வேண்டாம்.

ஆனாலும் அந்த முயற்சி வேறு இடத்தில் பலன் தந்தது. உணவுக்குழாயின் கீழ்த்தசை திறக்காமல், விழுங்கியது இறங்காமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். 2008-ல் ஜப்பானில் டாக்டர் ஹருஹிரோ இனோவே, வாய் வழியாகப் போய், உணவுக்குழாயின் உட்சவ்வுக்கு அடியில் சுரங்கம் குடைந்து அந்தத் தசையை வெட்டிவிட்டார். அது இன்று நம் நாட்டிலும் நடக்கிறது.

அப்புறம் ஒன்று. வலியோ தொந்தரவோ தராத பித்தப்பைக் கல்லுக்குப் பெரும்பாலும் ஆபரேஷனே வேண்டாம். ஆனால் வலது விலாவின் கீழே வலியோடு காய்ச்சல் அடித்தால், கண் மஞ்சளித்தால், எந்த முறை நல்லது என்று விசாரித்துக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.