கடலைக் குடிநீராக்கும் தீவில் நான்கு நாள்

(தருமபுரியில் நடந்த வாசகர் வட்டக் கூட்டமொன்றில், ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பென்னாகரம், பாலக்கோடு வட்டங்களின் அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் புவியியல் கற்பித்தவள் நான். ஆண்டுதோறும் பவளப்பாறைகளைப் பற்றிய பாடம் வரும்போது, கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்து, அதன் நடுவே நீலச் சுண்ணக்கட்டியால் காயலைத் தீட்டி, விளிம்பில் தீவுகளைப் புள்ளிகளாக வைத்து, எரிமலை மெல்ல அமிழ அமிழப் பவளம் மேல்நோக்கி வளர்ந்து இந்த வளையம் உண்டாயிற்று என்ற டார்வினின் விளக்கத்தைச் சொல்வேன். கடலையே பார்த்திராத பிள்ளைகள் அதைக் குறிப்பேட்டில் வரைந்துகொள்வார்கள். அந்த வளையத்தை விமானத்தின் சன்னல் வழியாக நேரில் பார்க்கும் வாய்ப்பு, பணி ஓய்வுக்குப் பிறகு, என் மகளால் எனக்குக் கிடைத்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் அவள், மாலத்தீவில் ஓர் உல்லாச விடுதியில் நான்கு நாள் தங்குவதற்கு ஏற்பாடு செய்து என்னை அழைத்துச் சென்றாள்.

தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி, ஒசூர் வழியாகப் பெங்களூரைக் கடந்து தேவனஹள்ளி விமான நிலையத்தை அடைய எங்களுக்கு ஆன நேரத்தைவிட, அங்கிருந்து மாலே சென்று இறங்க ஆன நேரம் குறைவு. ஆனால் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேலே, 250 கோடி ஆண்டுக்கும் மூத்த பாறையின் மீது வாழும் நாம், அங்கே இறங்கும்போது வேறோர் உலகத்துக்குள் நுழைகிறோம். ஏறத்தாழ 1,190 தீவுகள் கொண்ட அந்த நாட்டில் இயற்கையான மிக உயர்ந்த இடமே இரண்டரை மீட்டருக்குள்தான். மலை கிடையாது, ஆறு கிடையாது. காலடியில் இருக்கும் வெள்ளை மணல் முழுவதும் பவளத்தின் துகள்; அதில் பெரும்பங்கு, கிளிமீன்கள் பவளப்பாறையைக் கடித்து அரைத்து வெளியேற்றியது.

நாங்கள் தங்கிய விடுதி, 'எல்லாம் அடக்கம்' என்ற முறையில் இயங்குவது. மூன்று வேளை உணவு, இடையில் சிற்றுண்டி, குடிக்கும் பானங்கள், பவளப்பாறை மீன்களைப் பார்ப்பதற்கான மூச்சுக்குழாயும் முகக்கண்ணாடியும் எனப் பலவற்றுக்கும் முன்கூட்டியே ஒரே தொகையைக் கட்டிவிட்டு, அதன்பின் பணப்பையைத் தொடாமல் இருக்கலாம். இந்த முறைக்கு உலகம் முழுவதும் பெயர் வாங்கித் தந்தது கிளப் மெட் என்ற நிறுவனம். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜெரார் பிளிட்ஸ் என்பவர் 1950-ல் ஸ்பெயினின் மயோர்கா தீவில், கூடாரங்களை அடித்து, போரில் களைத்திருந்த மக்களுக்காகத் தொடங்கியது அது. மாலத்தீவில் முதல் உல்லாச விடுதி 1972-ல் திறக்கப்பட்டது; அதன் பெயர் குரும்பா. அவர்களுடைய திவேகி மொழியில் இளந்தேங்காயைக் குறிக்கும் அந்தச் சொல், தென்னை, பனை இவற்றின் பிஞ்சைக் குரும்பை என்று சொல்லும் நமக்கு அந்நியமாகத் தோன்றாது. ஒரு தீவு, ஒரு விடுதி என்பது அங்கே வழக்கம். போகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: விமான நிலையத்திலிருந்து விடுதிக்குச் செல்லும் விசைப்படகு அல்லது கடல் விமானத்தின் கட்டணமும், 2025 முதல் விடுதிகளில் தலைக்கு ஒரு நாளுக்கு 12 டாலர் என்று ஆகிவிட்ட பசுமை வரியும் அந்தத் தொகைக்குள் அடங்கியிருக்கிறதா என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். முதல் நாள் மாலையில் குளியலறைக் குழாயைத் திறந்தேன். நல்ல வேகத்தில் தண்ணீர் கொட்டியது. வாயில் விட்டுப் பார்த்தேன், உப்புக் கரிக்கவில்லை. அந்த நொடியில் எனக்குள் இருந்த ஆசிரியை விழித்துக்கொண்டாள். ஆறில்லாத, ஏரியில்லாத, பத்து நிமிடத்தில் சுற்றிவிடக்கூடிய ஒரு மணல்திட்டில் இத்தனை அறைகளுக்கும் இந்த நீர் எங்கிருந்து வருகிறது?

பவளத்தீவில் நன்னீர் அறவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால் அதன்மேல் மிதந்து, நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் ஒரு கண்ணாடி வில்லையைப் போலத் தங்குகிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே 40 அடி வரை நன்னீர் இருக்கலாம் என்பது ஏட்டுக் கணக்கு. ஆனால் சிறிய தீவுகளில் இந்த வில்லை மிக மெல்லியது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். 2004 ஆழிப்பேரலையின்போது கடல் மேலேறி வந்து பல தீவுகளின் கிணறுகளைக் கெடுத்தது. எனவே, விடுதிகள் கடல்நீரையே நன்னீராக்கிக்கொள்கின்றன.

அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று வரவேற்பறையில் கேட்டேன். விருந்தினர்கள் வழக்கமாகக் கேட்பதில்லை என்றாலும், மறுநாள் காலையில் அனுமதித்தார்கள். தாழைப் புதர்களுக்குப் பின்னால், டீசல் மின்னாக்கிகளின் இரைச்சலுக்கு நடுவே, ஓர் இளைஞர் எங்களை வரவேற்றார். என் பேச்சைக் கேட்டதும், "டீச்சர், நீங்க தருமபுரி பக்கமா?" என்றார். பென்னாகரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்து, ஐ.டி.ஐ. படித்து, இந்த இயந்திரங்களைப் பராமரிக்க வந்தவர் அவர். சிரித்தபோது அவருடைய பற்களில் பழுப்புக் கறை தெரிந்தது. இந்த அவையில் அதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. நம்முடைய பழம்பாறைகளிலிருந்து ஃப்ளோரைடு கசிந்து கலந்த ஆழ்துளைக் கிணற்று நீரைச் சிறுவயதில் குடித்து வளர்ந்தவர்களின் பற்கள் அவை. ஒரு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு போகக் கூடாது என்று பாடம் நடத்திய வகுப்பிலேயே, அந்தக் கறையோடு வரிசை வரிசையாகப் பிள்ளைகள் அமர்ந்திருந்ததைப் பார்த்தவள் நான். ஜப்பான் நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கியபோது, இந்தத் தம்பியின் பற்கள் முளைத்து வெகுகாலம் ஆகிவிட்டது.

அவர் இயந்திரத்தைக் காட்டி விளக்கினார். நம் வீடுகளில் ஆர்.ஓ. என்று சொல்கிறோமே, அதே முறைதான். ஆனால் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கும் கடல்நீரை, காற்றழுத்தத்தைப் போல 60 மடங்கு அழுத்தத்தில் சவ்வின் வழியே தள்ள வேண்டியிருக்கிறது. நூறு லிட்டர் கடல்நீரைச் செலுத்தினால் நாற்பது லிட்டர் அளவுக்கே நன்னீர் கிடைக்கும். மீதி, உப்பு இன்னும் செறிந்த நீராகக் கடலுக்கே திரும்பும். அதைத் தள்ளும் மின்சாரத்துக்கான டீசல் கப்பலில் வருகிறது. விளக்கி முடித்தபின் அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "நம்ம ஊர்ல போர் போட்டா ஃப்ளோரைடு, இங்க கிணறு வெட்டினா உப்பு. ரெண்டு எடத்துலயும் தண்ணி இருக்குது டீச்சர், குடிக்கத்தான் ஆகாது."

அதன்பின் எனக்கு அந்த விடுதியில் எல்லாமே வேறு விதமாகத் தெரிந்தன. நீச்சல்குளத்தின் அளவும், நாளுக்கு நான்கு முறை மாற்றப்படும் துவாலைகளும், கடலில் குளித்துவிட்டு ஒவ்வொருவரும் நெடுநேரம் நிற்கும் பூந்தூறல் குழாயும் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன. எவரையும் நான் குறை சொல்லவில்லை. ஒரே தொகையாகக் கட்டிவிட்ட பிறகு ஒவ்வொரு பொருளின் விலையும் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. தண்ணீரின் விலைதான் முதலில் மறைகிறது. அங்கே உண்ணும் காய்கறி பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவது. தூத்துக்குடியிலிருந்து தோணிகள் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு மாலேவுக்குப் போகின்றன. குப்பையோ, மாலேவுக்கு அருகில் 1992 முதல் காயலை நிரப்பி உருவான திலாஃபுஷி என்ற தீவுக்குப் போகிறது.

2014 டிசம்பர் 4-ஆம் தேதி மாலேயின் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்தது. ஒரு லட்சம் பேருக்கு மேல் வாழும் தலைநகரத்தில் ஒரே நாளில் குழாய்கள் வறண்டன. நம் நாடு விமானங்களிலும் கடற்படைக் கப்பல்களிலும் தண்ணீர் அனுப்பியது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் நீர் நிறைந்த ஒரு நாட்டுக்குக் குடிக்கத் தண்ணீர் விமானத்தில் போன செய்தியை, அடுத்த நாளே நான் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். அன்று பாடமாகச் சொன்னதன் பொருள், அந்த மின்னாக்கியின் இரைச்சலுக்கு நடுவே நின்றபோதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

இந்த அவையில் பலருடைய பிள்ளைகள் ஒசூரிலும் பெங்களூரிலும் நல்ல வேலையில் இருக்கிறார்கள். அவர்கள் உங்களையும் ஒருநாள் அழைத்துச் செல்வார்கள். மகிழ்ச்சியாகப் போய் வாருங்கள். அந்தக் கடலின் நிறத்தையும், முழங்கால் ஆழத்தில் கூட்டமாக நீந்தும் மீன்களையும் பார்க்காமல் இருப்பது பெரிய இழப்பு. போனால், குடிநீர் தயாராகும் இடத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்; பேரப்பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். முடிந்தால் ஓரிரவு மக்கள் வாழும் தீவொன்றில் தங்குங்கள். 2009-க்குப் பிறகு அங்கேயும் விருந்தினர் இல்லங்கள் நடத்த வழி திறந்திருக்கிறது. வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி வைத்திருக்கும் அந்த மக்களிடம் நாம் பேசிக் கற்க நிறைய இருக்கிறது.

புறப்படும் நாளில் அந்தத் தம்பி ஒரு கண்ணாடிப் புட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். விடுதியிலேயே கடல்நீரிலிருந்து எடுத்து நிரப்பிய நீர் அது. இதோ, மேசைமேல் வைத்திருக்கிறேன். அருகிலுள்ள குடத்தில் இருப்பது இன்று காலை எங்கள் தெருக்குழாயில் பிடித்த ஒகேனக்கல் தண்ணீர். இரண்டையும் சிறு குவளைகளில் ஊற்றித் தருகிறேன். ஒரு வாய் இதிலும் ஒரு வாய் அதிலும் குடித்துப் பாருங்கள். புட்டியில் இருப்பது குறைவு, ஆகையால் பிள்ளைகளை முதலில் வரவிடுங்கள்.